சரசு அக்கா மூன்று முறை அணைத்த விளக்கு

அந்தக் கார்த்திகை தீபத்தன்று மாலை பூஜை அறை வாசலில் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் திருவண்ணாமலையில் எந்த டீக்கடையில் இந்தக் கதை வந்தாலும், "நானும் அங்கதான் இருந்தேன்" என்று ஒருவர் சொல்லிவிடுகிறார். அவர்கள் எல்லோரும் சொல்வது உண்மையானால், அந்தச் சின்ன வாசலில் தேர் இழுக்கிற கூட்டமே நின்றிருக்க வேண்டும்.

ஒன்று, நான். இரண்டு, செங்கம் சாலையில் ஆசிரமத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த கெஸ்ட் ஹவுஸின் முதலாளியம்மா சரசு அக்கா. மூன்று, அங்கே ரிசப்ஷனில் வேலை பார்த்த கவிதா. நான்கு, மிஷேல் என்ற பிரெஞ்சுக்காரர். வருடம் தவறாமல் வந்து தங்குபவர், என்னைவிட நன்றாக வேட்டி கட்டுபவர். ஐந்தாவதாக, எல்லாம் முடிந்த பிறகு மூச்சிரைக்க வந்து சேர்ந்த முதலாளி தண்டபாணி அண்ணன். அவர் கையில் இருந்த செல்போனுக்குள் அவர் மகன் சங்கர், ஆஸ்திரேலியாவிலிருந்து. அவரை அரை ஆள் என்று வைத்துக்கொள்ளலாம். பின்கட்டில் ஒரு ஜெனரேட்டரும் இருந்தது. அதை ஆள் கணக்கில் சேர்க்கலாமா தெரியவில்லை. ஆனால் அன்றைக்கு அதிகம் பேசியது அதுதான்.

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. பேய், பிசாசுக்கு இல்லை. 'ஒருவேளை' என்ற வார்த்தைக்கு. கேஸை மூடிவிட்டு, மூடினேனா என்று பார்த்துவிட்டு, பார்த்தேனா என்று யோசிக்கிற ஜாதி. ஒன்பதாம் வகுப்பு முழுப் பரீட்சைக்கு நான்கு பேனா கொண்டு போனேன். ஒன்று எழுதவில்லை என்றால் இன்னொன்று, அதுவும் காய்ந்துவிட்டால் மூன்றாவது. நான்கிலும் மை இருந்தது. பதில்தான் இல்லை. அத்தோடு பள்ளிக்கூடம் முடிந்தது. (நாலு பேனாவையும் என் தங்கச்சி எடுத்துக்கிட்டா. அவ பாஸ்.)

பிறகு ஊரில் இன்டர்நெட் கனெக்‌ஷன் கொடுக்கும் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். கம்பத்தில் ஏறுவது, கேபிள் இழுப்பது, "நெட்டு வரல" என்று கத்துபவர்களிடம் "ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று சொல்வது. வருடக்கணக்கில் அதைச் செய்தேன். ஒருநாள் எங்கிருந்தோ தைரியம் வந்து, சொந்தமாகத் தொழில் செய்யப் போகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவே இல்லை. டீயை உறிஞ்சிக்கொண்டே, "போ, போ. ரெண்டு மாசத்துல திரும்பி வருவ. ஏணிய இங்கயே வெச்சிட்டுப் போ" என்றார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். அந்த ஏணி மட்டும் கனவில் வந்துகொண்டே இருந்தது.

வீட்டில் சொல்லவில்லை. தினமும் காலையில் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, வேங்கிக்கால் பக்கம் ஒரு புங்கமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, வேலையிலிருந்து வருகிறவன் போலக் களைத்த முகத்தோடு திரும்புவேன். சும்மா உட்கார்ந்திருப்பதில் இவ்வளவு களைப்பு வரும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது.

இந்த நிலையில்தான் தண்டபாணி அண்ணன் கூப்பிட்டார். அவருக்கு ஊரில் மூன்று இடங்களில் லாட்ஜ். அதில் பெரியது, அவர் குடும்பமே கீழே குடியிருக்கும் இந்த கெஸ்ட் ஹவுஸ். போன பௌர்ணமிக்குக் கரண்ட் போய் நெட்டும் போய், தங்கியிருந்தவர்கள் எல்லாம் ரிசப்ஷனில் வந்து கவிதாவைச் சூழ்ந்துகொண்டார்களாம்.

"தம்பி, தீபம் வருது. அன்னிக்கு ஊர்ல இருக்குற ஜனத்துக்கு செல்போன் டவர் ஒண்ணும் வேலைக்கு ஆவாது. வைஃபை மட்டும்தான் கதி. எம்புள்ள இந்த வருஷம் லீவு கெடைக்காம அங்கியே கெடக்குறான். வீடியோ கால்ல தீபம் காட்றேன்னு சொல்லிருக்கேன். அன்னிக்குச் சாயங்காலம் நெட்டு ஒரு நிமிஷம் நிக்காம ஓடுச்சுன்னு வெச்சுக்கோ, மூணு லாட்ஜ் வேலையும் உனுக்குத்தான். நின்னுச்சுன்னா..."

"நின்னா?"

"நீயே சொல்லிக்கோ" என்றார்.

நான் சொல்லிக்கொண்டேன். ஏணி.

உடனே சென்னைக்குப் போய் ரிச்சி தெருவில் அலைந்து, இரண்டு பவர் சப்ளை உள்ள ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் வாங்கி வந்தேன். விஷயம் எளிதுதான். மாடிக்கு மாடி இருக்கும் வைஃபை பெட்டிகளுக்கு எல்லாம் இந்த ஒரு ஸ்விட்சிலிருந்துதான் உயிர் கிடைக்கிறது. சாதாரணமாக அதற்குப் பின்னால் ஒரு வயர்தான் இருக்கும். அது போனால் எல்லாம் போச்சு. இதில் இரண்டு வயர். ஒன்று செத்தாலும் மற்றது தாங்கும். ஆனால் இரண்டையும் ஒரே பிளக்கில் சொருகினால், இரண்டு பெண்டாட்டி கட்டி ஒரே மாமனாரை நம்பின கதைதான். அதனால் ஒரு வயரை ஈ.பி. கரண்டில் ஓடும் யு.பி.எஸ்ஸிலும், இன்னொன்றை ஜெனரேட்டர் லைனில் ஓடும் வேறொரு யு.பி.எஸ்ஸிலும் கொடுத்தேன். மோடத்துக்குத் தனியாக ஒரு குட்டி பேட்டரி. ஒரு பிளக்கைப் பிடுங்கினேன், ஓடியது. மாட்டிவிட்டு மற்றதைப் பிடுங்கினேன், ஓடியது. வாழ்க்கையில் முதல் முறையாக நான்கு பேனாவும் எழுதின மாதிரி இருந்தது.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் 'ஒருவேளை' வந்துவிட்டது.

ஒருவேளை யாராவது காலால் தட்டிவிட்டால்? மாடிப்படிக்குக் கீழே வைத்தால் துடைப்பக்கட்டை இடிக்கும். ரிசப்ஷனில் வைத்தால் ஆளாளுக்கு செல்போன் சார்ஜ் போட பிளக்கைப் பிடுங்குவார்கள். தண்ணீர் கொட்டாத, செருப்புக் கால் படாத, குடித்தவன் நுழையாத இடம் அந்தக் கட்டடத்தில் எது என்று இரண்டு நாள் யோசித்துக் கண்டுபிடித்தேன். பூஜை அறை. (எலி வருமேன்னு ஒரு கவலை இருந்துச்சு. அது பிள்ளையாரோட வண்டி, பார்த்து நடந்துக்கும்னு விட்டுட்டேன்.)

சரசு அக்கா முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. "சாமி இருக்குற எடத்துல இன்னாப்பா பொட்டி?"

"க்கா, இதுவும் சாமி மாதிரிதாங்க்கா. கண்ணுக்குத் தெரியாம எல்லா ரூமுக்கும் அருள் பண்ணும்."

இந்த மாதிரிப் பேச்சு எனக்கு எப்போதாவதுதான் வரும். வந்தால் பின்னால் அடி விழும்.

சாமி படங்களுக்குப் பக்கத்துச் சுவரில், அக்காவின் கை எட்டுகிற உயரத்தில், ஒரு பலகை அடித்து, ஸ்விட்ச், இரண்டு யு.பி.எஸ்., மோடம் எல்லாவற்றையும் அடுக்கி மாட்டினேன். மாட்டிவிட்டு அக்காவிடம் கைகூப்பி ஒரே ஒரு விஷயம் கேட்டுக்கொண்டேன்.

"க்கா, என்னா ஆனாலும் சரி. ஸ்விட்ச மட்டும் அணைச்சிடாதீங்க."

"நான் ஏம்ப்பா ஸ்விட்சத் தொடப் போறேன்? தொட மாட்டேன், போ."

அதோடும் திருப்தி இல்லை. ஒரு அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதிப் பூஜை அறைக் கதவில் ஒட்டினேன்.

"செருப்புடன் உள்ளே வராதே. கால் கழுவாமல் உள்ளே வராதே. யாராக இருந்தாலும் ஸ்விட்சைத் தொடாதே."

'யாராக இருந்தாலும்' என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டேன்.

தீபத்தன்று மதியமே போய்விட்டேன். எங்கள் ஊரில் பல வீடுகளில் அன்றைக்கு ஒரு வழக்கம். மலை மேல் தீபம் தெரிகிற வரைக்கும் வீட்டில் ஒரு விளக்கும் எரியக் கூடாது. மலையில் ஏறிய பிறகுதான் கீழே அகல் விளக்கு, அதற்குப் பிறகுதான் கரண்ட் விளக்கு. எங்கள் வீட்டிலும் அதுதான். சரசு அக்கா வீட்டில் இன்னும் கறார், மெயினையே அணைத்துவிடுவார். தங்கியிருப்பவர்கள் அந்த நேரத்தில் மொட்டை மாடியில்தான் இருப்பார்கள், யாருக்கும் தொந்தரவில்லை. இது எனக்குத் தெரியும். மெயினை அணைத்தாலும் ஓட வேண்டும் என்றுதானே இத்தனை ஏற்பாடும்? அந்த அளவுக்கு நான் கெட்டிக்காரன்தான்.

ஒருவேளை ஜெனரேட்டர் நேரத்துக்கு ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் என்ற கவலையில் அதை ஐந்தரைக்கே ஓட்டிவிட்டேன். அது பின்கட்டில் நின்று, பழைய லாரி ஒன்று மலையேறுகிற மாதிரிக் கதறிக்கொண்டிருந்தது. மாடியில் இருந்த பக்தர்கள் ஒருவரையொருவர் காதில் கத்திப் பேசினார்கள்.

"அத நிறுத்தக் கூடாதாங்க? கரண்டுதான் இருக்கே!" என்று கவிதா கத்தினாள்.

"ஒருவேளை போயிட்டா?" என்று நானும் கத்தினேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை வைத்து, இந்தப் பெண்ணுக்கும் எனக்கும் ஜென்மத்துக்கும் ஆகாது என்று முடிவு செய்தேன். அதுவும் தப்பு.

ஆறு மணி நெருங்கியது. மாடி முழுக்கத் தலைகள், எல்லாத் தலையும் மலையைப் பார்த்து. தண்டபாணி அண்ணன் போனை ஆரத்தித் தட்டு மாதிரி இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்திருந்தார். "சங்கரு, தெரியுதாடா? இன்னும் ஏத்தல, இரு" என்று ஜெனரேட்டருக்கு மேல் கத்திக்கொண்டிருந்தார். எனக்கு மலை தெரியவில்லை. என் செல்போனில் இரண்டு பச்சைப் புள்ளி தெரிந்தது. ஒன்று ஈ.பி. பக்கத்து யு.பி.எஸ்., மற்றது ஜெனரேட்டர் பக்கத்து யு.பி.எஸ். ஊரே மலையைப் பார்த்துக்கொண்டிருக்க, ஒருவன் மட்டும் குனிந்து புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கீழே மெயின் அணைந்தது. கட்டடம் இருண்டது. புள்ளி இரண்டும் பச்சை. வைஃபை ஓடியது! எனக்கு விசில் அடிக்க வேண்டும்போல் இருந்தது.

"அண்ணே, பாத்தீங்களா! மெயின அணைச்சிட்டாங்க, நெட்டு ஓடுது!"

அண்ணன் போனை நகர்த்தாமல் தலையை மட்டும் ஆட்டினார். மூன்று லாட்ஜும் அந்தத் தலையாட்டலில் இருந்தன.

அடுத்த நிமிடம் முதல் புள்ளி சிவப்பானது.

ஆனால் நெட் ஓடியது. அதற்குத்தானே இரண்டு? "ஒண்ணும் இல்லண்ணே, ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கு. அதான் டெக்னிக்கு" என்றேன். யாரும் கேட்கவில்லை; எனக்கு நானேதான் சொல்லிக்கொண்டேன்.

இரண்டாவது புள்ளியும் சிவப்பானது.

"சங்கரு? டேய், சங்கரு? ஏண்டா அப்படியே நிக்கிற?" என்று அண்ணன் போனைக் குலுக்க ஆரம்பித்தார்.

நான் படிகளில் இறங்கினேன் என்று சொல்வது மரியாதைக்காக. உண்மையில் உருண்டேன். இருட்டு. பூஜை அறை வாசலுக்கு வந்தபோது உள்ளே இருட்டில் சரசு அக்கா நின்றுகொண்டிருந்தார், போரில் ஜெயித்தவர் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு.

உள்ளே பாய்ந்தேன். ஒரு கை என் நெஞ்சில் வந்து நின்றது.

"செருப்பு!"

"க்கா, நெட்டு..."

"செருப்பக் கழட்டுப்பா மொதல்ல! சாமி ரூம்!"

கழற்றி வீசினேன். (ஒரு செருப்பு இன்னும் கெடைக்கல.) மறுபடி பாய்ந்தேன். கை நகரவில்லை.

"கால் கழுவுனியா?"

"க்கா, நேரமில்லக்கா! சங்கர் அண்ணன்..."

"நீதானே எழுதி ஒட்டியிருக்க? நான் படிச்சிட்டு எல்லாரையும் கால் கழுவ வெக்கிறேன். உனுக்கு மட்டும் தனிச் சட்டமா?"

சால்வை எடுக்க மாடியிலிருந்து வந்திருந்த மிஷேல் என் பின்னால் நின்று, கையிலிருந்த டார்ச்சை அந்த அட்டையின் மேல் அடித்தார். அவர் அப்போதுதான் தமிழ் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தார். எழுத்துக் கூட்டி, நிதானமாக, நல்ல உச்சரிப்போடு வாசித்தார்.

"யா... ரா... க... இருந்... தா... லும்."

பிறகு என்னைப் பார்த்து, "சரியா?" என்றார்.

"சரிங்க" என்றேன். வேறு என்ன சொல்வது?

அதற்குள் கவிதா எங்கிருந்தோ ஒரு வாளித் தண்ணீரோடு வந்துவிட்டாள். நான் ஒற்றைக் காலில், கதவைப் பிடித்துக்கொண்டு, கொக்கு மாதிரி நிற்க, அவள் தண்ணீர் ஊற்றினாள். சிரிப்பை அடக்கியதில் பாதித் தண்ணீர் என் பேன்ட் மேல்.

"க்கா, நான் அத்தன தடவ சொன்னேனே. ஸ்விட்ச அணைக்காதீங்கன்னு!"

அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் எங்கப்பா ஸ்விட்ச அணைச்சேன்? இதோ பாரு!" என்று கதவோரம் சுவரில் இருந்த லைட் ஸ்விட்சுகளைக் காட்டினார். "நீ சொன்னதுலருந்து இந்த ஸ்விட்ச் பக்கமே நான் போவல. நாலு நாளா ராத்திரியெல்லாம் இந்த ரூம்ல லைட்டு எரிஞ்சினு கெடக்குது, நீ சொன்னியேன்னு விட்டு வெச்சிருக்கேன். அண்ணாமலையாரு மேல சத்தியமா, ஸ்விட்ச நான் தொடல. பொட்டியதான் அணைச்சேன்!"

நான் 'ஸ்விட்ச்' என்று சொன்னது பெட்டியை. அக்காவுக்கு ஸ்விட்ச் என்றால் சுவரில் இருப்பது. உலகத்தில் எல்லோருக்கும் ஸ்விட்ச் என்றால் சுவரில் இருப்பதுதான். எங்களைப் போன்ற நாற்பது, ஐம்பது பேருக்கு மட்டும்தான் அது பெட்டி.

"பொட்டிய ஏங்க்கா அணைச்சீங்க?"

"வெளக்கு எரியுதேப்பா! மெயின அணைச்சிட்டு வந்து பாக்கறேன், சாமி தலைக்குப் பக்கத்துல பச்சப் பச்சையா மின்னுது. வரிசையா! மலைல தீபம் ஏறல, எங்க வீட்டுப் பூஜ ரூம்ல சீரியல் செட்டு எரியுது. ஊரு இன்னா பேசும்? உன்ன எத்தன தடவ கூப்ட்டேன், 'தம்பி, தம்பி, இது இன்னா லைட்டு'ன்னு. உன் ஜெனரேட்டர் சத்தத்துல எம்பேச்சு எனுக்கே கேக்கல. சரின்னு ஒரு பொட்டிய அணைச்சேன். அப்பவும் எரியுது! ஒண்ண அணைச்சா இன்னொண்ணுலருந்து எரியுது. ரக்தபீஜாசுரன் மாதிரி. அப்புறம் கீழ இருந்த இன்னொரு பொட்டியையும் அமுக்குனேன். அடங்குச்சு. ஆனா ஓரத்துல ஒரு குட்டி வெளக்கு மட்டும் அடங்கவே இல்ல. அது மேல சொம்பக் கவுத்துட்டேன்."

பார்த்தேன். என் மோடத்தின் மேல் பித்தளைச் சொம்பு ஒன்று கவிழ்ந்திருந்தது. அதற்கு மேல் ஒரு துளசி இலை. (மன்னிப்புக் கேட்டு வெச்சாங்களாம்.)

"சரிக்கா, இப்ப ஆன் பண்ணிக்கட்டுமா?"

"தீபம் ஏறட்டும்."

"க்கா, அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும்! சங்கர் அண்ணன் அங்க..."

அக்கா கை தளர்ந்தது. "சங்கரா? சங்கரு இதுல பாத்துனு இருந்தானா?"

"இதுலதாங்க்கா."

"ஐயோ!" என்று வாயைப் பொத்திக்கொண்டார். "அத ஏன்ப்பா நீ எழுதி ஒட்டல?"

அந்த நேரம்தான் மாடியில் இருந்தும், தெருவில் இருந்தும், ஊர் மொத்தத்தில் இருந்தும் "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்று எழுந்தது. ஜெனரேட்டர் சத்தத்தையே அது அமுக்கிவிட்டது. தீபம் ஏறிவிட்டது. உலகத்தில் யார் யாரோ பார்த்தார்கள். நான் ஈரக் காலோடு ஒரு கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்கா வெளியே ஓடி, மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, திரும்ப ஓடிவந்து முதல் அகலை ஏற்றினார். "இப்ப போடுப்பா, சீக்கிரம்!"

இரண்டு யு.பி.எஸ்ஸையும் போட்டேன். அந்த ஸ்விட்ச் எழுந்திருக்க நேரமெடுக்கும். ராஜா வீட்டு மாப்பிள்ளை மாதிரி, சோம்பல் முறித்து, யோசித்து, ஒவ்வொரு விளக்காகப் போடும். நாங்கள் மூன்று பேரும் கன்னத்தில் கை வைத்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கீழே அக்கா ஏற்றும் அகல் விளக்கு ஒன்று ஒன்றாக ஏற, மேலே பச்சை விளக்கு ஒன்று ஒன்றாக ஏறியது. கடைசி விளக்கு வந்ததும் மிஷேல் கைகூப்பினார். அவரிடம் எதற்குக் கும்பிட்டார் என்று நான் கேட்கவில்லை.

தண்டபாணி அண்ணன் அப்போதுதான் இறங்கி வந்தார். கையில் போன். முகத்தைப் பார்த்ததுமே நான் ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட ஆரம்பித்துவிட்டேன். மனதுக்குள் ஏணி தெளிவாகத் தெரிந்தது. அதன் மூன்றாவது படி கொஞ்சம் ஆடும்.

"நின்னுடுச்சு" என்றார்.

"ஆமாண்ணே."

"சரியா ஏத்துற நேரத்துல நின்னுடுச்சு."

"ஆமாண்ணே."

போனுக்குள்ளிருந்து குரல் வந்தது. "அப்பா, கனெக்ட் ஆயிடுச்சு. மேல போய்க் காட்டுப்பா."

அக்கா போனைப் பிடுங்கினார். "சங்கரு, நான்தான்டா அணைச்சிட்டேன். நீ பாக்கறன்னு தெரியாதுடா கண்ணு. வெளக்கு எரியுதேன்னு..." போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு, "ஏண்டா இருட்டா கீது? உன் மூஞ்சியே தெரியலயே? அங்கியும் அணைஞ்சிடுச்சா?"

அந்தப் பக்கம் சிரிப்பு. "இல்லம்மா. நான்தான் லைட்டு அணைச்சிட்டு உக்காந்திருக்கேன். தீபம் ஏறாம எப்படிம்மா போடுறது? இங்க மணி பதினொன்றரை. பக்கத்து வீட்டுக்காரன் வந்து, கரண்டு பில்லு கட்டலியான்னு கேட்டுட்டுப் போறான்."

அக்கா அழுதாரா, சிரித்தாரா என்று இருட்டில் சரியாகத் தெரியவில்லை. போனோடு படியேறி ஓடினார். நாங்களும் பின்னால் ஓடினோம். மலை உச்சியில் தீபம் கம்பீரமாக எரிந்துகொண்டிருந்தது. அது பல நாளைக்கு அணையாது. அதற்கு ஒரே கொப்பரை, யு.பி.எஸ்ஸும் இல்லை, ஜெனரேட்டரும் இல்லை. அக்கா போனைத் தூக்கிப் பிடித்தார். அந்தப் பக்கம் ஒரு லைட் எரிந்தது. அப்போதுதான் சங்கரின் முகம் தெரிந்தது, கண் கலங்கி, வாயெல்லாம் பல்லாக.

நான் நைசாக நழுவிப் படிக்கட்டுக்குப் போனேன். அண்ணன் கூப்பிட்டார்.

"தம்பி, ஒரு நிமிஷம் நிக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தேன்."

"ஆமாண்ணே. நான் வரேன்."

"எங்க போற?" என்றது அக்காவின் குரல். "ஏங்க, அந்தப் பையன இன்னா சொல்றீங்க? நான் மெயின அணைச்சேன். அது சாவல. ஒரு பொட்டிய அணைச்சேன். சாவல. ரெண்டாவதையும் அணைச்சப் பெறகுதான் அடங்குச்சு. அப்பவும் ஒண்ணு எரிஞ்சினுதான் இருந்துச்சு. ஈ.பி.காரன் இன்னா, என்னைவிட ஜாஸ்தியா அணைச்சிடுவானா? இவ்ளோ கெட்டியா எவன் பண்ணிக் குடுப்பான் உங்களுக்கு?"

என் வேலையை அதற்கு முன்பும் பின்பும் யாரும் அப்படிப் பரிசோதித்ததில்லை. நான் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தது எல்லாம் விளையாட்டு. அக்கா அதைக் கொல்லவே முயன்று பார்த்திருக்கிறார்.

அண்ணன் மோவாயைச் சொறிந்தார். "சரி. ஆனா அடுத்த தீபத்துக்கு இன்னா பண்ணுவ? இவ திரும்ப அணைப்பாளே?"

"அணைப்பேன்" என்றார் அக்கா, சந்தேகத்துக்கே இடமில்லாமல்.

எனக்கு அந்தச் சொம்பு ஞாபகம் வந்தது. "க்கா, மோடம் மேல சொம்பு கவுத்தீங்களே. அது அணையல. உள்ள எரிஞ்சினேதான் இருந்துச்சு. அது பரவால்லியா?"

அக்கா கொஞ்சம் யோசித்தார். "கண்ணுக்குத் தெரியலன்னா சரிதான். சாமி நம்ம மனசத்தான் பாக்கும். பொட்டிக்குள்ளவா பாக்கும்?"

மறுநாள் காலையில் ஒரு கறுப்பு இன்சுலேஷன் டேப் சுருள் வாங்கி வந்து, ஒவ்வொரு பச்சைப் புள்ளியின் மேலும் பொட்டு வைக்கிற மாதிரி வெட்டி ஒட்டிக் காட்டினேன். அக்கா அறைக் கதவைச் சாத்திவிட்டு இருட்டில் நின்று பரிசோதித்தார். ஒரு இடத்தில் ஒளி கசிந்தது. "அங்க, அங்க" என்று ஓரத்தைக் காட்டி ஒட்ட வைத்தார். மூன்று லாட்ஜ் வேலையும் எனக்கு வந்தது. அன்று மாலைதான் வீட்டில் உண்மையைச் சொன்னேன். அம்மா, "புங்கமரத்தடியில நீ சாப்பிடுறத உன் தங்கச்சி என்னிக்கோ பாத்துட்டாடா. களச்சிப்போய் வரியேன்னுதான் ரெண்டு முட்ட சேத்து வெச்சேன்" என்றாள்.

இப்போது வேங்கிக்காலில் எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. சொந்த ஏணியும் இருக்கிறது. ஒருவேளை உடைந்தால் என்று இன்னொரு ஏணியும் இருக்கிறது. வாளித் தண்ணீர் ஊற்றிய கவிதா இப்போது என் மனைவி. அன்றைக்கு ஒற்றைக் காலில் நின்றவனை விட மனசு வரவில்லை என்பது அவள் தரப்பு. எந்த அவசரம் வந்தாலும், பால் பொங்கினாலும், பஸ் கிளம்பினாலும், குழந்தைக்கு ஜுரம் என்று நான் பதறினாலும், எங்கள் வீட்டில் முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: "கால் கழுவுனியா?" என் மகள் பேசக் கற்றுக்கொண்டபோது சேர்த்துச் சொன்ன முதல் இரண்டு வார்த்தைகளே இவைதான். கேட்டதும் எப்படியோ என் படபடப்பு பாதியாகக் கம்மியாகிவிடுகிறது.

ஒவ்வொரு வருடமும் தீபத்துக்கு முந்தின நாள் சரசு அக்காவிடமிருந்து போன் வரும். "டேப்பு ஒட்ட வரியா, நான் சொம்பு எடுக்கட்டா?" போய், பழசை உரித்துவிட்டுப் புதுசு ஒட்டிவிட்டு வருவேன். மற்ற எல்லாவற்றுக்கும் அண்ணன் அந்த வாரமே பணம் கொடுத்துவிடுவார். டேப் விஷயம் மட்டும் அக்கா இலாகா. ஒரு தடவை பில்லில் எழுதிப் பார்த்தேன். அக்கா அதைப் பேனாவால் அடித்துவிட்டார்.

"வெளிச்சம் குடுக்குற பொருளுக்குக் காசு குடுப்பேன். வெளிச்சத்த மறைக்கிறதுக்கு யாராவது காசு குடுப்பாங்களா?"

அந்த வருடத்தையும் சேர்த்து ஐந்து தீபம் ஆகிவிட்டது. தீபத்துக்கு ஒரு சுருள், சுருள் பதினைந்து ரூபாய். வரவேண்டிய பாக்கி எழுபத்தைந்து ரூபாய்.